பன்னெண்டு கிலோ போர்வை

— பன்னெண்டு கிலோவுக்கெல்லாம் நான் தைக்கிறதில்லக்கா. பொண்ணு எவ்வளவு எடை?

— நாப்பத்தெட்டு. அப்படிச் சொல்லாதீங்க சுஜா. எடமலைப்பட்டி புதூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி அரியமங்கலம் வந்துருக்கோம், கனிஷ்காவையும் இழுத்துக்கிட்டு.

— ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் கணக்கு. அஞ்சு கிலோ தாராளம். கட்டம் கட்டமா தைச்சு உள்ள கண்ணாடி மணி போட்டுருவேன், ஒரே எடத்துல போய்ச் சேராது. மேல கெடந்தா யாரோ கட்டிப் புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்.

— அஞ்சு கிலோவ ஒரே ஒதையில தள்ளிடுவா.

— தள்ளணும்க்கா! தன்னால தள்ள முடியாத போர்வைய யார் மேலயும் போடக் கூடாது. மூச்சு முட்டிப் போயிரும். சரி, என்ன அளவுக்கு வேணும்?

— டபுள் கட்டில் அளவுக்கு. ரெண்டு பக்கமும் நல்லா தொங்குற மாதிரி தைங்க. மெத்தைக்கு அடியில சொருகிக்கலாம்.

— சொருகவா? கட்டில் அளவு வேணாம்க்கா, ஆள் அளவு போதும். தொங்குச்சுன்னா அந்தக் கனமே எல்லாத்தையும் கீழ இழுத்துரும். கனிஷ்கா, இப்படி வா கண்ணு. நீ எவ்வளவு உசரம்?

— அஞ்சடி ரெண்டு.

— நான் அவளக் கேட்டேன்க்கா.

— அவ பேச மாட்டா சுஜா. பெத்தவ எங்கிட்டயே ஆறு மாசமா வாயத் தொறக்கல.

— ஆறு மாசத்துக்கு முன்னாடி என்னாச்சு?

— காலேஜுக்குப் போறேன்னு கெளம்புனவ முக்கொம்புக்கு பஸ் ஏறிட்டா. ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போவுது. மதகுப் பாலத்துல, செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு தனியா நின்னுருக்கா. மாங்கா விக்கிற அம்மா ஒருத்தங்கதான் பயந்துபோய் அவளையே எனக்கு ஃபோன் அடிக்க வச்சாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் எம் உசுரு எங்கிட்ட இல்ல.

— ஏன் போனேன்னு கேட்டீங்களா?

— தண்ணி பாக்கணும்போல இருந்துச்சாம். நம்பச் சொல்றீங்களா? அவங்கப்பாவும் போயிட்டாரு, எனக்குன்னு இருக்குறது இவ ஒருத்தி. காலேஜ நிறுத்துனேன். எம் வேலையையும் விட்டேன். பக்கத்து ரூம்ல கட்டில் அசைஞ்சா முழிச்சுக்கிறேன். கனமா ஒண்ணு அவ மேல கெடந்தா நானும் ஒரு மணி நேரம் கண்ண மூடுவேன், அவ்வளவுதான்.

— டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

— ஒருவாட்டி. மனசு விட்டுப் பேச வைங்கன்னாரு. பேசுனாத்தானே!

— கைய நீட்டு கண்ணு. இதென்னக்கா, வெரல் மொளியெல்லாம் இப்படித் தோலு உரிஞ்சு கெடக்கு?

— தூக்கத்துல சுவத்துல இடிச்சுக்குவா.

— ரெண்டு கையையுமா?

— அதனாலதான் சொல்றேன், கைய அசைக்க முடியாத மாதிரி கனமா வேணும்னு.

— நீங்க செத்த நேரம் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கனிஷ்கா, இது வேற ஒருத்தருக்குத் தைச்சது. அஞ்சு கிலோ. ஒந்தோள் மேல போடட்டுமா? வேணாம்னா தலைய ஆட்டு, எடுத்துடுறேன். ம், அப்படித்தான். கனமா இருக்கா?

— இல்ல ஆன்ட்டி. நல்லாத்தான் இருக்கு.

— அம்மாடி! பேசிட்டாளே! அப்ப இதையே குடுங்க சுஜா, அஞ்சு கிலோவே போதும், இதையே குடுங்க!

— இருங்கக்கா, அவ சொல்லட்டும். இதப் போர்த்திக்கிட்டா தூங்குவியா கண்ணு?

— கதவு பூட்டியிருந்தா எப்படித் தூங்குறது ஆன்ட்டி? தட்டித் தட்டித்தான் கை இப்படி ஆச்சு. அம்மா வெளியில பூட்டிட்டு, அந்தப் பக்கம் கதவுல சாஞ்சு உக்காந்து அழுவாங்க. தொறக்க மட்டும் மாட்டாங்க.