வாறுகால் சிலாப் மேல நின்ன அண்ணாச்சி

கை தட்டுனது போதும், கையைக் கீழ போடுங்க. நாய், பூனைகளைக் காப்பாத்துற இந்தக் குழுவுக்குப் பொன்னாடை போர்த்தியாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. இப்போ ஒரு சின்னக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டு அப்புறமா தட்டணும்னு தோணுச்சுன்னா தட்டுங்க...

ஐப்பசி மாசம். நம்ம பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலனி. காலையிலேயே வானம் கருகருன்னு இருட்டிட்டு வருது. ரோட்டோரமா மழைத்தண்ணியும் சாக்கடையும் ஓடுற வாறுகால். தெரு நீளத்துக்கும் சிமெண்ட் சிலாப் போட்டு மூடிருக்கு. மூலையில ஒரு சிலாப் மட்டும் உடைஞ்சு கிடக்கு. அந்த ஓட்டை வழியா ஒரு நாய்க்குட்டி உள்ள விழுந்து, பயத்துல இருட்டுக்குள்ளேயே ஊர்ந்து போயிட்டு. தாயைக் காணோம். "ங்கீ... ங்கீ..."ன்னு சத்தம் மட்டும் வருது. மழை அடிச்சா அந்த வாறுகால் எப்படி ஓடும்னு உங்களுக்குத் தெரியும்லா? கட்டிலையே இழுத்துட்டுப் போயிரும். குட்டி எம்மாத்திரம்?

காலனிக்காரங்க நல்லவங்க. நிஜமாத்தான் சொல்லுதேன். மனசு துடிச்சுப் போச்சு. உடனே எல்லாரும் என்ன செஞ்சாங்க? போனை எடுத்தாங்க!

இந்தக் குழுவுல வேன் ஓட்டுறது முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு. அவளுக்கு முதல் போன்.

"ஏம்மா, நாய்க்குட்டி விழுந்துட்டு, சீக்கிரம் வா!"

"எந்த இடம் சார்?"

"காலனில தான்மா, வாறுகால்ல!"

"வாறுகால்ல எங்கன சார்? நான் வர்ற வரைக்கும் நீங்க அங்க நிப்பீங்களா?"

"நானா...? நான் ஆபீசுக்குக் கிளம்பிட்டேனே!"

வச்சாச்சு. அடுத்த போன். "எக்கா, குட்டி கத்துதுக்கா, கேக்கவே முடியல!" "நீங்க நிப்பீங்களாம்மா?" "அடுப்புல பால் இருக்குக்கா!" அடுத்த போன் பண்ணவரு ஏசவே ஆரம்பிச்சுட்டாரு. "இன்னும் வரலியா? என்ன குழு நடத்துதீங்க நீங்க?" நடுவுல அந்த ஓட்டையைப் படம் பிடிச்சு, கும்பிடுற கையும் போட்டு, அவளுக்கே அனுப்புதாங்க! பாவம், அவ வண்டி ஓட்டுவாளா, போன் எடுப்பாளா? வண்ணாரப்பேட்டை தாண்டும்போதே கண்ணாடியில தூத்தல்.

காலனிக்குள்ள திரும்புதா. மழை பிடிச்சுட்டு. தெருவுல ஒரு ஈ, காக்கா இல்ல. கதவெல்லாம் சாத்திருக்கு. ஒரு நீளத் தெரு, வரிசையா சிலாப். எதைத் தூக்க? எதுக்குக் கீழ இருக்கு? குனிஞ்சு காதை வச்சா மழைச் சத்தம் தான் கேக்குது. வாறுகால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சுட்டு. போன் பண்ணவங்களுக்குத் திருப்பி அடிக்கா... ஒருத்தரும் எடுக்கல. அழுகை வந்துட்டு அந்தப் பொண்ணுக்கு.

அப்போ தெருத் திருப்பத்துல பாத்தா... ஒரு மனுசன். குடை பிடிச்சுக்கிட்டு, முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, ஒரு சிலாப் மேல ஆணி அடிச்ச மாதிரி நிக்காரு. பேரு இருதயராஜ். பிரிட்ஜு விக்கிற கடையில வேலை. அந்த ஏரியாவுக்கே தெரியும், நாயைப் பாத்தா அவருக்குப் பயத்துல உயிரே போயிரும். சின்ன வயசுல கடிபட்டு தொப்புளைச் சுத்தி ஊசி போட்டவரு. எதிர்ல நாய் வந்தா, அந்தப் பக்கம் போயி, சுவரோட சுவரா நடப்பாரு.

"இதுக்குக் கீழ தாம்மா. காது வச்சுக் கேட்டேன். இப்போ... சத்தம் நின்னுட்டு."

சத்தம் நின்னுட்டு! அவ கடப்பாரையை எடுத்துட்டு ஓடி வந்தா. ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் இவரு. சிலாப் அசையல. தண்ணி ஏறுது. "ஏசுவே, ஏசுவே"ங்காரு. இன்னொரு நெம்பு... தூக்கிட்டாங்க. கீழ ஒரு உடைஞ்ச செங்கல். அது மேல குட்டி. மூக்கு மட்டும் தான் தண்ணிக்கு மேல தெரியுது. அவ படுத்துக் கையை விட்டு அள்ளி, "அண்ணாச்சி, பிடிங்க!"ன்னு நீட்டிட்டா.

"நானா? கடிச்சிராதே?"

"பல்லே முளைக்கல அண்ணாச்சி!"

வாங்கிட்டாரு. சட்டைக்குள்ள வச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. குட்டியும் நடுங்குது, அவரும் நடுங்குதாரு. அப்புறம் தும்முச்சு பாருங்க ஒரு தும்மல்! இவரு அலறிட்டாரு.

முத்துச்செல்வி கேட்டா, "முதல்ல போன் பண்ணது நீங்க தானா அண்ணாச்சி?"

"நான் பண்ணலம்மா. எல்லாரும் பண்ணிட்டாங்க. நிக்கத்தான் ஆள் இல்ல. அதான் நின்னேன்."

கேட்டீங்களா...? நிக்கத்தான் ஆள் இல்ல!

பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமைன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க? நாம என்ன செய்தோம்? அத்தனை பல்குச்சியையும் கட்டி, அந்தப் பொண்ணு தலையில ஏத்திட்டு, "உங்க சேவை தொடரட்டும்"னு படம் அனுப்புதோம். காசு குடுக்க முடியலன்னா விடுங்க. வீட்டுல கிழிஞ்ச போர்வை இருக்கா? குடுங்க, ஆபரேஷன் முடிஞ்ச பூனை அதுல படுக்கும். கார் சும்மா நிக்குதா? அடிபட்ட ஒண்ணை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விடுங்க. மாடி ரூம் பூட்டிக் கிடக்கா? காயம் ஆறுற வரைக்கும் ஒரு குட்டிக்கு இடம் குடுங்க. நாய் பிடிக்கணும்னு கூட அவசியம் இல்லய்யா! இருதயராஜுக்குப் பிடிக்குமா?

வெளிய பாருங்க, இன்னைக்கும் மேகம் கூடிருக்கு. எனக்கு மனசே சரியில்ல. எந்தத் தெருவுல எது மாட்டிருக்கோ, தெரியல. நீங்க தான் முதல்ல பாப்பீங்க. நீங்க தான் போன் பண்ணுவீங்க. முத்துச்செல்வி ஒரே ஒரு கேள்வி தான் கேப்பா, "நான் வர்ற வரைக்கும் நிப்பீங்களா?"ன்னு.

எனக்குப் பதில் வேண்டாம். அந்தா உக்காந்திருக்கா... அவகிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க.