வெளியே ஓடு

பதினொன்று நாற்பத்தைந்து. மூன்றாவது சத்தம். இது கிட்டத்தில். தரை முதலில் ஆடுகிறது, சத்தம் பிறகு வருகிறது. விளக்கு அணைகிறது. நிலவறைக் கூரையிலிருந்து காரை கொட்டுகிறது. வாயெல்லாம் மண். யாரோ அவர்கள் மொழியில் கத்துகிறார்: "படு! எல்லாரும் கீழே படு!"

நான் படுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

2022 பிப்ரவரி 28. திங்கட்கிழமை, பகல். உக்ரைனின் கிழக்கில் ஒரு நகரம். ரஷ்யப் படை எல்லை தாண்டி வந்து ஐந்தாம் நாள். ஐந்து மாடிக் குடியிருப்பின் அடியில், நிலவறையில், பதின்மூன்று பேர் இருக்கிறோம். நான் விருதுநகர் மாவட்டம் விஸ்வநத்தத்துப் பெண். உக்ரைனின் அந்த நகரத்தில் நான்காம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நதியா. அந்த நாட்டுக்காரி. பல் மருத்துவம் படித்தாள். மூன்று வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முதன்முதலில் அவள் பெயரைச் சொன்னபோது வீடியோ காலில் அம்மா சிரித்தாள். "நதியாவா? அங்கனயும் அந்தப் பேரு வைக்காகளா?"

இருட்டில் புகை வந்தது. வாசனை வந்தது. எரிந்த மருந்தின் வாசனை. எங்கள் ஊரில் வெடியில் அடைப்பதை மருந்து என்றுதான் சொல்வோம். நடக்கப் பழகும் முன்பே எனக்கு அந்த வாசனை தெரியும்.

அப்பாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி. தீபாவளிக்கு மூடி மறுபடி திறக்கும் நாளில் பூஜை போடுவோம். பூஜை முடிந்ததும் போர்மேன் மாரியப்பண்ணன் ஒரு எண்ணெய் டின்னை மரக்கட்டையால் தட்டுவார். எல்லோரும் ஓட வேண்டும். ஒவ்வொரு ரூமுக்கும் நாலு கதவு. நாலும் வெளிப்பக்கம் திறக்கும். எது கிட்டவோ அது வழியாக வேலியோரப் பொட்டல் வரை. முதலாளி பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது. "சத்தம் கேட்டா யோசிக்காதீக! உள்ள நிக்கிறவன் செத்தான். வெட்டவெளிக்கு ஓடுங்க, வெளிய ஓடுங்க!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்துவார். கடைசியாக வருகிறவருக்கு அன்று முழுக்கக் கேலி. ஆறு வயதிலிருந்து ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கடைசியாக வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

எங்கள் ஊரில் அதுதான் சரி. ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்தது உன் ரூம். வெட்டவெளியில் நிற்கிறவர் பிழைப்பார். வானத்திலிருந்து எதுவும் விழாது.

"வெளிய ஓடு!" என்று கத்தினேன். தமிழில். நதியாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் ஒரு கணம் வரவில்லை. கை இறுகியது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு எழுந்து வந்தாள். வெடியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று மூன்று வருடமாக அவளிடம் பீற்றியிருந்தேன். அவள் அதை நம்பியிருந்தாள்.

பின்னால் கிழவர் மிகோலா கத்துகிறார். இரண்டாம் மாடிக்காரர். எண்பத்து மூன்று வயது. "போகாதே! உள்ளே வா! உள்ளே!" அவருக்கு இது இரண்டாவது போர். முதல் போரில், ஜெர்மன் படை வந்தபோது, மூன்று வயது. அவர் அம்மா அவரை உருளைக்கிழங்குக் குழிக்குள் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறாள். அந்த மண்ணில் படைகள் வந்துபோய்க்கொண்டே இருந்திருக்கின்றன. மேலிருந்து விழும்போது கீழே போக வேண்டும் என்பது அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் படை வந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். பாளையக்காரர், கும்பினிப் பீரங்கி. ஐந்து மார்க் கேள்வி. நான் முழு மார்க் வாங்கியவள்.

பதினெட்டுப் படி. ஏறிவிட்டோம். முற்றத்தில் பனி. கட்டடத்தை விட்டுத் தள்ளி ஓடுகிறோம். பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் பக்கம், நல்ல வெட்டவெளி. அங்கே நின்றேன். திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தேன். மேல் மாடியில் புகை. தப்பித்தோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நதியாவைப் பார்த்துச் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

நாற்பது நொடி இருக்கும். ஒரு சீறல். துணியைக் கிழிப்பது போல, நீளமாக. பிறகு சத்தம் இல்லை. காது போய்விட்டது. நான் பனியில் கிடந்தேன். என் மேல் மண் கிடந்தது. நதியா நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் இடப்பக்கம் கையை வைத்திருந்தாள்.

அழுத்திப் பிடிக்கத் தெரியும். படித்திருக்கிறேன். பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். பதினொன்று ஐம்பத்திரண்டு வரை நாடி இருந்தது. அதன்பிறகும் நான் கையை எடுக்கவில்லை. மிகோலாதான் தவழ்ந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

நிலவறை இடியவில்லை. உள்ளே இருந்த பதினொரு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதன்பிறகு ரயில். நின்றுகொண்டே இருபது மணி நேரம். எல்லை. வரிசை. கம்பளி. யாரோ தந்த சூப். டெல்லி, பிறகு மதுரை. விமான நிலைய வாசலில் அப்பா. நான் காலில் போட்டிருந்தது நதியாவின் பூட்ஸ். யாருக்கும் அது தெரியவில்லை.

வீட்டில் கூட்டம். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் பெரியப்பா குடும்பத்தோடு வந்துவிட்டார். அப்பா வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். "வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? புள்ள வந்துட்டா." பெரியப்பா என் தலையில் கை வைத்தார். "எம்புட்டுப் பெரிய கண்டம்! எப்படித் தாயி தப்பிச்ச?"

எனக்கு முந்தி அப்பா பேசினார். "ஓடியிருக்காண்ணே. இடிஞ்சு விழுந்த கட்டடத்துலருந்து ஓடி வந்திருக்கா. நம்ம கம்பெனியில வளந்த புள்ள. மாரியப்பன் சொல்லிக்குடுத்த ஓட்டம். அதான் பொழச்சா."

மாரியப்பண்ணன் ஓரமாக நின்றிருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பெருமை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. கட்டடம் இடியவில்லை அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா இலை போட்டுவிட்டாள்.

அந்தக் கதை அப்படியே நின்றுவிட்டது. நான்கு வருடமாக ஊர் அதைத்தான் சொல்கிறது. கல்யாண வீட்டில் சொல்கிறார்கள். பூஜை நாளில், டின் தட்டுவதற்கு முன், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறார்கள். என் படிப்பு நான்காம் ஆண்டோடு நின்றது. சிவகாசியில் சித்தப்பாவின் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் பார்க்கிறேன். சீசனில் நாள் முழுக்க எங்காவது வெடித்துப் பார்ப்பார்கள். யாரும் தலையைத் திருப்புவதில்லை. நானும்தான். பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் கேட்டார். "இன்னுமா அங்கன சண்ட நடக்கு?" ஆமாம் என்றேன். அடடா என்றார். பிறகு அட்டையின் தடிமனைப் பற்றிப் பேசினோம்.

நதியாவின் அம்மா ஹலீனா இப்போது போலந்தில் இருக்கிறார். ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை. இருந்த ஒரே மகள் அவள்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் செய்தி அனுப்புவார். போன் அதைத் தமிழாக்கித் தரும். "மகளே, சாப்பிட்டாயா?" "மகளே, இங்கே ஆப்பிள் காய்த்திருக்கிறது." என் பிறந்தநாளை அவர் மறந்ததே இல்லை. நதியா கடைசி நேரத்தில் தனியாக இல்லை, நீ இருந்தாய், அது போதும் என்பார்.

நடுநடுவே ஒரே கேள்வி. "அவள் ஏன் வெளியே போனாள்? கீழேயே இரு என்று காலையில்கூடப் போனில் சொன்னேன். சரி அம்மா என்றாள். ஏன் போனாள்?"

இருட்டாக இருந்தது, தெரியவில்லை என்று எழுதுவேன். மிகோலாவிடமும் கேட்டிருக்கிறார். அவரும் இருட்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்காகச் சொன்ன பொய். படிக்கட்டு வெளிச்சத்தில் நான் அவளை இழுத்துப்போனதை அவர் ஒருவர்தான் பார்த்திருந்தார். சூடேற்ற வழியில்லாத தன் இரண்டாம் மாடி அறையிலேயே, அடுத்த குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அதன்பிறகு உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஹலீனா தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார். கடைசியாகப் பேசியபோது தான் மகளிடம் ஏதாவது கடுமையாகச் சொல்லிவிட்டோமா, அதனால்தான் மேலே போனாளா என்று கேட்க ஆரம்பித்தார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு பகலில், அச்சகத்தில் மிஷின் ஓடாத நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். நான்தான் கத்தினேன். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வர மறுத்தாள், நான் விடவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் பிழைப்போம். அனுப்பினேன். அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. அன்று மாலை அப்பாவிடமும் சொன்னேன். அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மாரியப்பன்ட்ட சொல்லிராத தாயி" என்றார்.

போனது என்னென்ன என்று எழுதிவைக்கிறேன். நாங்கள் இருந்த வீடு, நான்காம் மாடி. என் படிப்பு. இடது காதுக்குக் கேட்பதில் பாதி. ஊஞ்சல் இருந்த முற்றம். மிகோலா, எண்பத்து நான்கு வயது, குளிரில். நதியா, இருபத்திரண்டு வயது. கொன்றது ரஷ்யப் படையின் குண்டு. குண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளே என்று எனக்கு வந்துகொண்டிருந்த செய்தி. ஆறு ஞாயிறாக வரவில்லை.