ஷூ மட்டும் திருப்பதி போனது

"என் ஷூ திருப்பதி போய் சேந்துச்சு. நான்தான் திருத்தணியிலயே ஊருக்குத் திரும்பி பஸ் ஏறிட்டேன்."

ஒரகடம் கூட்ரோட்டில் மதிய ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. எனக்கு முன்னால் ஒரே நீலச் சட்டையில் இருவர். இதைச் சொன்னவர் குன்றத்தூர்க்காரர். குதிகாலில் கட்டு, காலில் ரப்பர் செருப்பு. மற்றவர் பேச்சில் திருநெல்வேலி.

"பாதயாத்திரைக்கு சேஃப்டி ஷூவையா போட்டுட்டுப் போவ? முன்னால இரும்புல்லா இருக்கு!"

"ஸ்ட்ராங்கா கீதேன்னு போட்டுக்கினு போய்ட்டேன். ரெண்டே நாள்ல கால் ஃபுல்லா கொப்புளம். கூட நடந்த ஒருத்தரு பாவம் பாத்து செருப்ப கழட்டிக் குட்தாரு. என் ஷூவ அவரு போட்டுக்கினாரு. அப்பவும் என்னால நடக்க முடியல. அவரு மலை அடிவாரத்துலேந்து போன் பண்றாரு."

"கம்பெனி ஸ்டோர்ல புது ஷூ வாங்கிர வேண்டியதான?"

"பழச குட்தாதான் புச்சு தருவாங்களாம். ஷூ இல்லாம லைன்ல உட மாட்டாங்க."

"அது கெடக்கட்டும். என்ன வேண்டுதல்?"

"காண்ட்ராக்ட்லேந்து பர்மனென்ட் ஆவணும்னு. என் ஷூ முழுசா நடந்துட்ச்சே, பாதி வேண்டுதலாவது சேராதா?"

பஸ் வந்து நின்றது. திருநெல்வேலிக்காரர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நடந்தது அந்த ஆளு. ஷூ கம்பெனியோடது. இதுல நீ எங்கல இருக்க?"

குன்றத்தூர்க்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"செருப்பும் அவுருதுதான்" என்றார்.