கொக்குகளின் கடைசி ஆட்டமும் யோசெப்பின் அக்காவும்

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஞானேந்திரன் அவர்களே, முன்வரிசையில் துயரோடு இருக்கும் பத்திநாதர் அண்ணை, மகள் றெபேக்கா, வேலை முடிந்த கையோடு, இந்தப் பனியிலும் சென்ட் லோரன்ட் வரை வந்து சேர்ந்த உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் உருத்திரமூர்த்தியின் வணக்கம்.

சங்கத்தின் உபதலைவி அமரர் யோசெப்பின் பத்திநாதர் அவர்களை உங்களில் பலர் இந்த மண்டபத்தில்தான் அறிந்தீர்கள். வந்திறங்கும் அகதிக் குடும்பங்களுக்கு முதல் வாரம் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தவர் என்று அறிந்தீர்கள். அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு பேஸ்போல் அணியில் தொடங்கியது. நீங்கள் சிரிக்கலாம். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் அந்தக் கதையைச் சொல்லுவார்.

மொன்றியலுக்கு வருவதற்கு முன்னர், அக்கா குடும்பமும் என் குடும்பமும் ஆற்றங்கரையில் இருக்கும் றிவியேர்-ஓ-சோல் என்ற சிறிய ஊரில் இருந்தோம். அங்கே ஒரு சீஸ் தொழிற்சாலையில் அக்காவும் நானும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தோம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோடையில் அந்த ஊருக்கு ஒரு பேஸ்போல் அணி வந்தது. பெரிய அணிகளில் இடம் கிடைக்காத இளைஞர்கள் விளையாடும் அணி. கொக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். நாங்கள் கொக்குகள் என்றே சொன்னோம்.

விளையாட வந்த இளைஞர்களுக்குத் தங்க இடமில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த ஊர்ப் பாதிரியார் கேட்டார், யாராவது ஓர் அறை தருவீர்களா என்று. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா பத்திநாதர் அண்ணையைப் பார்க்கவேயில்லை. நேரே எழும்பிப்போய், "எங்கட வீட்டுக் கீழ்த்தளம் சும்மாதானே கிடக்கு" என்று தமிழில் சொன்னார். பாதிரியாருக்கு விளங்கிவிட்டது.

அப்படி வந்தவன்தான் றஃபாயேல். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பந்துவீச்சாளன். அவனுக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். அக்காவுக்குத் தமிழும் தொழிற்சாலைப் பிரெஞ்சும். இருவரும் எந்த மொழியில் கதைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? சோற்றிலும் மீன் குழம்பிலும் கதைத்தார்கள். தோற்றுவிட்டு வரும் நாட்களில் அவன் சாப்பிடாமல் கீழே போய்ப் படுத்துவிடுவான். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "தோத்தா என்ன மோனை, வயிறு தோக்கேல்லையே" என்பார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பமாட்டார். கொக்குகள் தோற்காத வாரம் குறைவு. அக்கா அந்தப் படிகளில் எத்தனை தடவை இறங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு கோடை போனது. அடுத்த கோடையின் நடுவில், அணியை நடத்திய கம்பனி காசில்லை என்று கையை விரித்தது. மைதானத்தின் கதவில் பூட்டு விழுந்தது. இளைஞர்கள் திங்கட்கிழமை அவரவர் ஊருக்குப் போகவேண்டும் என்றார்கள். எதிர்த்து விளையாட வேண்டிய அணி ஏற்கெனவே கலைந்துவிட்டது. யாருக்கும் கோபப்படக்கூட நேரம் இருக்கவில்லை.

அடுத்தநாள் வேலை இடைவேளையில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மூர்த்தி, ஏப்ரனைக் கழட்டு. மேயரிட்டப் போவம்."

"எதுக்கு அக்கா?"

"பூட்டைத் திறக்க."

மேயர் நல்ல மனிதர். கடைசியாக ஓர் ஆட்டத்துக்கு மைதானத்தைத் திறக்கக் காப்புறுதி இல்லை, தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று பொறுமையாக விளக்கினார். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவருக்குச் சொல்லு. நாங்கள் மன்னாரிலயிருந்து வெளிக்கிடேக்கை ஒருத்தருக்கும் போயிட்டு வாறம் எண்டு சொல்லேல்லை. பக்கத்து வீட்டுச் சனத்துக்குக்கூடச் சொல்லேல்லை. அது இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள நிக்குது. இந்தப் பிள்ளையள் அப்பிடிப் போகக்கூடாது."

நான் பாதியைப் பிரெஞ்சில் சொன்னேன். மிகுதி எனக்கு வரவில்லை. மேயர் எழுந்துபோய் மைதானப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொக்குகள் ஊரோடு விளையாடினார்கள். எதிரணியில் யார்? தீயணைப்புக்காரர், சீஸ் தொழிற்சாலைக்காரர், மேயர், அந்தப் பாதிரியார், அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு மொன்றியலிலிருந்து வந்த எங்கள் தமிழ்க் கிரிக்கெட் பொடியள். நானும் இறங்கினேன். பந்தை அடித்தேன் என்பது உண்மை. அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டிய விளையாட்டில், கிரிக்கெட் நினைப்பில் மட்டையோடேயே ஓடினேன் என்பதும் உண்மை. ஊரே சிரித்தது. கோபமாக நிற்க வேண்டிய கொக்குகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசியில் றஃபாயேல் பார்வையாளர் பக்கம் வந்து அக்காவின் கையைப் பிடித்தான். "எனக்கு ஏலாது, விடு மோனை" என்றார். அவன் விடவில்லை. பூசைக்கு உடுத்திய சேலையோடு அக்கா மைதானத்துக்குள் வந்தார். அவன் மிக அருகில் வந்து நின்று, குழந்தைக்குப் போடுவதுபோலப் பந்தைப் போட்டான். அது மட்டையில் பட்டு உருண்டது. அக்கா எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கினார். ஒருவரும் பந்தை எடுக்கவில்லை. கொக்குகள் எல்லோரும் ஓடிவந்து அவரைத் திருப்பி, சுற்றிவர நின்று, மைதானத்தில் ஓடித் தொடவேண்டிய ஒவ்வொரு தளமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுற்றி முடித்ததும் அக்கா ஒவ்வொருவன் தலையிலும் கை வைத்து, "போயிட்டு வா அப்பன்" என்றார். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

அந்த அணியை இன்று யார் நினைக்கிறார்கள்? கிண்ணம் ஒன்றும் வெல்லவில்லை. மைதானத்தில் இப்போது வீடுகள். ஆனால் முந்தநாள் றஃபாயேல் தொலைபேசி எடுத்திருக்கிறான். தன் ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறானாம். றெபேக்காவிடம் அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்பா சாப்பிடுகிறாரா?"

உறவுகளே, மொன்றியலுக்கு வந்த பிறகு அக்காவின் கீழ்த்தளம் ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. மன்னார், வவுனியா, கிளிநொச்சி என்று எங்கிருந்து வந்தவர்களும் அங்கே படுத்து எழும்பித்தான் இந்த நகரத்தைப் பார்த்தார்கள். இந்த மண்டபத்தில் அப்படி வந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கையை உயர்த்த வேண்டாம். மனத்துக்குள் உயர்த்துங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது எளிது. ஆகவே நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். வருகிற வியாழக்கிழமை பின்னேரம் கௌரி என்ற தாய் இரண்டு பிள்ளைகளோடு டோர்வல் விமான நிலையத்தில் இறங்குகிறார். அக்காதான் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் ஏற்கெனவே கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு, இடையில் ஒரு நாட்டில் தங்கி வருகிறார்கள்; செய்தி சொல்ல வழியில்லை. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு திறந்ததும் அக்காவின் முகத்தைத்தான் தேடுவார்கள். என் வீட்டில் அறை ஒதுக்கியாயிற்று. பத்திநாதர் அண்ணை தானும் வாறன் என்கிறார். பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு வேண்டும், சின்னவளுக்கு நாலு வயது. வரக்கூடியவர்கள் வாருங்கள். அந்தத் தாய் அக்காவைத் தேடும்போது, அங்கே நாங்கள் நிறையப் பேர் நிற்க வேண்டும்.