எதைத் துப்பச் சொன்னோம், எதைத் துப்பினீர்கள்?

தலைமை தாங்கி, தாங்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கும் எங்கள் தெரு வணிகர் சங்கத் தலைவர், தையற்கலைச் செம்மல் அவர்களே, வாடிக்கையாளர்களாய் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கோப்பையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்க்கும் கொள்கைக் குன்றுகளே, மூக்கை முன்னிறுத்தி முன்வரிசையில் வீற்றிருக்கும் ஒயின் நிபுணர் அவர்களே, வீட்டில் என்னை ஒரு வார்த்தை பேசவிடாவிட்டாலும் இங்கே கேட்க வந்திருக்கும் என் இல்லத்தரசியே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கடைக்காரியின் மாமனாருடைய வணக்கம்.

இந்த ஒயின், சீஸ் ருசி பாக்கற கூட்டத்துக்கு நன்றி சொல்லத்தான் என்னை மேடையில ஏத்தி விட்டாங்க. சொல்றேன். ஆனா வயித்தெரிச்சலை இறக்கி வெச்சுட்டுத்தான் சொல்லுவேன்.

இந்த ஒயின் எங்கிருந்து வந்தது? எங்கேயோ ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. இந்தச் சீஸ் எங்கிருந்து வந்தது? இதோ, இந்தக் கடையின் பின்னறையிலிருந்து வந்தது. பாலைக் காய்ச்சி, திரித்து, வடித்து, உப்புத் தண்ணீரில் துடைத்துத் துடைத்துத் திருப்பிப் போட்டவள் யார்? என் மருமகள். என் மகனைக்கூட அவ அத்தனை தடவை திரும்பிப் பாத்ததில்ல. வாசனை கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கறேன். ஒரு நாள் என் காலுறையைத் தேடிக்கிட்டு நேரா அந்த ரூமுக்கே போயிட்டேன்.

இன்னிக்கு மேசைக்கு ஒரு வாளி வெச்சா. “எதுக்கும்மா, கூரை ஒழுகுதா?”ன்னேன்.

“இல்ல மாமா, ஒயினை ருசி பாத்துட்டுத் துப்பறதுக்கு. அத்தனை வகையையும் முழுங்கினா தலை சுத்தும்.”

குடிக்கிறதைத் துப்பறதான்னு ரெண்டு தடவை கேட்டேன். சரி, வழக்கமாம். ‘இங்கே துப்பலாம்’னு ஒரு அட்டையும் எழுதி வெச்சா. அவ செஞ்ச தப்பு அது ஒண்ணுதான். எதைன்னு எழுதல.

நிபுணர் ஐயா ஒரு துண்டு சீஸை வாயில போட்டார். கடிச்சார். முகம் கோணுச்சு. வாளியில துப்பிட்டார். அவ்வளவுதான், அடுத்த மேசை துப்புச்சு, அதுக்கடுத்த மேசை துப்புச்சு, சபையே துப்புச்சு. நம்ம தலைவர் கண்ணை மூடி ரசிச்சு மென்னுக்கிட்டிருந்தார். கண்ணைத் தொறந்தார், பக்கத்துல பாத்தார், நாகரிகம் தெரியாத ஆளுன்னு நெனச்சிடுவாங்களேன்னு அவரும் துப்பிட்டார். இல்லைன்னு சொல்லுங்க தலைவரே. குனியறார் பாருங்க.

வாளியை எடுக்க வந்த மருமக எட்டிப் பாத்தா. ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினா. “மாமா, இதோட சீஸ் செய்யறதை விட்டுடறேன். பாட்டில் மட்டும் வித்துப் பொழைச்சுக்கறேன்”னா. அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா.

கேட்கிறேன் பெரியோர்களே. மென்றது உங்கள் பல்லா, அவர் பல்லா? சுவைத்தது உங்கள் நாக்கு, தீர்ப்புச் சொன்னது அவர் முகமா? ருசி பார்க்க அழைத்தோமா, ருசி பார்ப்பவரைப் பார்க்க அழைத்தோமா? துப்புவதற்கு வாய் போதும் ஐயா. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லத்தான் துப்பு வேண்டும்.

என் வீட்டுக்காரி உக்காருன்னு கை காட்டறா. இரு, முக்கியமானது இனிமேதான்.

நிபுணர்கிட்ட போயி, “சீஸ்ல என்ன குறை?”ன்னு கேட்டேன். காதுக்குள்ள சொன்னார்: “குறையே இல்ல பெரியவரே. இடது கடவாய்ப் பல்லு சொத்தை, கெட்டியான ஓரத்தைக் கடிச்சதும் சுருக்குன்னுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” சொல்ல மாட்டேன்னேன். மைக் இல்லாம சொல்ல மாட்டேன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் கோவம் தீரல. அவருக்காவது பல்லு சொத்தை. உங்களுக்கு என்ன சொத்தை?

தட்டுல துண்டுங்க மிச்சமிருக்கு. வாளியெல்லாம் வாசலுக்குப் போயாச்சு. எடுங்க, மெல்லுங்க, முழுங்குங்க. பிடிக்கலையா, என் மருமக மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. தாங்குவா. வாளிகிட்ட சொல்லிட்டுப் போறதைத்தான் தாங்க மாட்டா.

தலைவர் எடுக்கிறார். மெல்றார். இந்தத் தடவை கண்ணைத் தொறந்துக்கிட்டே மெல்றார். முழுங்கிட்டார். என்ன தலைவரே முணுமுணுக்கறீங்க? “இன்னும் இருக்கா”வா? எனக்குக் கேட்டு என்ன பிரயோசனம், கதவுக்குக் கேக்கட்டும். அந்தப் பக்கத்து அம்மாவும் கேக்கறாங்க. கடைசி மேசையும் கேக்குது.

கதவு திறக்குது. ஏப்ரனைக் கட்டிக்கிட்டே வர்றா. கையில கத்தி. பயப்படாதீங்க, சீஸுக்குத்தான்.

ஆகவே, வந்தவர்களுக்கு நன்றி, மென்றவர்களுக்கு நன்றி, விழுங்கியவர்களுக்கு விசேஷ நன்றி. நிபுணர் ஐயாவுக்கு ஓரம் நீக்கின நடுத்துண்டு ஒண்ணு மெத்துன்னு தனியா வருது, வலது பக்கமா மெல்லுங்க. என் இல்லத்தரசி எழுந்துட்டா. நான் உக்காந்துக்கறேன். வணக்கம்.