தலகாணியில் வந்த கொம்பு வண்டு

— டம்ளரைத் தூக்கிடாதடி! பறந்துடும்.

— தூக்கலக்கா. தலகாணி மேல கவுத்தது கவுத்தபடிதான் இருக்கு. குனிஞ்சு பாரு. நீ தேடுற வண்டுதானா?

— இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்... அடியே இர்யா! மஞ்சப் பட்டை, கொம்பு மாதிரி இம்மாம் நீள மீசை. அதேதான்டி! கோடை தொடங்கினதுலேர்ந்து அப்பா காட்டுல பூப்பூவா அலையுறேன், இது உன் படுக்கையில கெடக்கு!

— அப்ப வெட்ட மாட்டாங்கல்ல? அண்ணன் காட்டை வித்துட்டான், நாளைக்கு மரம் வெட்டுற மிஷின் வருதுக்கா.

— இது அங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், சட்டப்படி ஒரு மரத்தக்கூடத் தொட முடியாது. பட்டுப்போன பழைய மரத்துக்குள்ளதான் இது புழுவா வளரும். ஆமா, இங்க எப்படி வந்துச்சு?

— சிரிக்கக் கூடாது.

— சொல்லித் தொலை.

— நேத்து நடுக்கோடைத் திருநாள் இல்லியா? ஏழு பூ பறிச்சு தலகாணிக்கு அடியில வெச்சுப் படுத்தேன்.

— கடவுளே! நாப்பது தாண்டியாச்சு, இன்னும் கனவுல மாப்பிள்ளை தேடுறியா?

— மாப்பிள்ளை எங்க வந்தான்? வண்டுதான் வந்துச்சு.

— சரி, இந்த வெள்ளைக் குடைப்பூவுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அப்பா காட்டு ஓடையில பறிச்சதுதானே?

— ஏழு பூவையும் ஏழு எடத்துல பறிக்கணும்ல. அப்பா காட்டுல பறிச்சது இந்த ஊதா மணிப்பூ. குடைப்பூ... பாலத்துக்கு அந்தாண்ட. அந்தக் கெழவி ஹில்க்கா காட்டுல.

— இல்ல. நல்லா யோசி.

— யோசிச்சுத்தான் சொல்றேன்.

— பூ பறிக்கறப்ப யாருகிட்டயும் பேசக் கூடாதுல்ல? இப்பவும் பேசாத. அப்பா காட்டுல கெடச்சுதுன்னு நான் சொல்லிடுறேன். காட்டை ஆய்வு பண்ணி எழுதிக் குடுக்கறவ நான், வண்டு விஷயத்துல என் பேச்சுக்கு மறு பேச்சு கெடையாது.

— பொய்யா? நீயா?

— ஆமா, நான்தான்! அப்பா சாம்பலைத் தூவின மண்ணுடி அது. அது மேல மிஷின் ஏறுறத நின்னு பாக்கச் சொல்றியா? என்னால முடியாதும்மா, செத்துப்போவேன்.

— எனக்கு மட்டும் வயிறு எரியலியா? ஆனா ஹில்க்கா பாவம்க்கா. அவ காட்டையும் அவ மகன் வித்துட்டான்.

— அதுக்கு நான் என்ன பண்ண?

— 'எப்படியாச்சும் காப்பாத்து'ன்னு அவ உன் கையப் பிடிச்சு அழுதப்ப, 'உங்க காட்டுல அந்த வண்டே கெடையாது'ன்னு எழுதிக் குடுத்தது நீதானேக்கா? நாளைக்கு மிஷின் மொதல்ல அங்கதான் எறங்குது.