பாலம் வேண்டாம் என்றது யார்

முழங்கால் குடைகிறது ஐயா, அதனால் உட்கார்ந்தே சொல்கிறேன். சைக்கிள் மிதித்து வந்த வலி. பூதலூர் பக்கம் எங்கள் ஊராட்சியில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது என் வேலை. தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதும் நான்தான். கூட்டம் என்று ஒன்று நடக்கவே நடக்காது. எழுத்தர் எழுதிக் கொடுப்பார், நான் சுமப்பேன், தலைவரும் ஆறு உறுப்பினர்களும் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவர் இட்லிக் கையைத் துடைத்துக்கொண்டே, "வீரையா, உன் முதுகுலதான் இன்னும் கையெழுத்து போடல" என்பார். எதை எழுதினாலும் 'ஏகமனதாக' என்றுதான் முடியும்.

போன வருஷம் ஒரே ஒரு நாள் நிஜமாகவே கூடினார்கள். எங்கள் தெருவுக்கும் வயலுக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்காலை, குறுக்கே போட்ட இரண்டு பனைமரத்தின் மேல் நடந்துதான் தாண்டுகிறோம். அங்கே சிமெண்ட் பாலமா, இல்லை தலைவர் மனோகரன் தெருவுக்குப் பேவர் பிளாக்கா என்று பேச்சு. கதவைச் சாத்திவிட்டு என்னை டீ வாங்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பாலம் போய்விட்டது.

மறுநாள் புத்தகத்தோடு போனேன். உறுப்பினர்களில் கலியபெருமாள் அண்ணன் மட்டும் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார். நின்று நின்று கால் கடுத்தது. "கதையா எழுதறீங்க, கையெழுத்து போதும்ணே" என்றேன். மூடிக் கொடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆடியில் வாய்க்கால் முட்ட ஓடியது. என் பெண்டாட்டி செந்தாமரை நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பனைமரத்தில் ஏறினாள். வழுக்கிவிட்டது. மூன்றாவது மதகில் எடுத்தோம்.

கிராம சபையில் எழுந்து, பாலம் வேண்டாம் என்றது யார் என்று கேட்டேன். "அது உள்ள பேசினதுப்பா, மைக்ல சொல்ற விஷயமில்ல" என்றார் தலைவர். சபை கலைந்ததும் என் தோளைத் தொட்டு, தான் பாலத்துக்காகத்தான் பேசியதாகச் சொன்னார். மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர் அழக்கூடச் செய்தார்.

கலியபெருமாள் அண்ணன் மட்டும் சொல்லவில்லை. "நான் என்ன சொன்னேன்னு சொன்னா, மத்தவங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும் வீரையா. புத்தகத்துல இருக்கு, பாரு."

புத்தகத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. எத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன். வேண்டாம் என்றவர்தானே வாயைத் திறக்க மாட்டார். செந்தாமரை போன தண்ணீரிலேயே இவரும் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அவரும் விடிந்ததும் அந்தப் பனைமரத்தைத் தாண்டித்தான் வயலுக்குப் போகிறவர். பனைமரம் உருளாமல் முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பெயர்த்து வைத்தேன். அந்தக் கல்லை முதலில் வைத்ததும் நான்தான். மரம் புரண்டது, விழுந்தார். மனசு கேட்கவில்லை, கரையிலிருந்து ஒரு கம்பை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நிதானமாகத்தான் கேட்டேன். "பாலத்துக்கு என்ன சொன்னீங்கண்ணே?"

"வேணும்னுதாண்டா சொன்னேன். நான் ஒருத்தன்தான் சொன்னேன்."

அதையேதான் அந்த ஆறு பேரும் சொன்னார்கள். கம்பை விட்டுவிட்டேன். மதகுப் பக்கம் போகவில்லை, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரமாகிவிட்டது.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் புத்தகத்தை விரித்துக் காட்டினீர்கள். 'ஏகமனதாக' என்ற வரிக்குக் கீழே, அவர் கையெழுத்தை ஒட்டி, 'பாலம் வேண்டும், இத்தீர்மானத்தை நான் ஏற்கவில்லை' என்று இருந்தது. மற்ற ஆறு பேர் வெறும் கையெழுத்துதான். அவர்களை நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்டதும் பதில் சொன்னவர்கள்.

அந்தப் புத்தகம் ஒரு பகல் பூரா உன் பைக்குள்தானே இருந்தது என்கிறீர்கள். நான் சுமக்கிறவன் ஐயா, படிக்கிறவன் இல்லை. அவருக்கு வாய் இருந்தது. தண்ணீரில் கிடந்து சொன்னது சேர்த்தியில்லை. நான் கேட்ட அன்றைக்கே, கரையில் நின்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு பதில் அவரிடம் எனக்கு இன்னும் பாக்கி நிற்கிறது.